லினக்ஸில் நெட் வரவில்லையா? கார்டைக் கழற்றாதீர்கள்!

"லினக்ஸ் போட்டேன். திரை நன்றாக வந்தது, பாட்டுக் கேட்கிறது, பிரிண்டர்கூட வேலை செய்கிறது. நெட் மட்டும் வரவில்லை. நெட்வொர்க் கார்டே தெரியவில்லை." லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். இதற்கு அடுத்து வரும் வாக்கியமும் எனக்கு மனப்பாடம். "கடையில் காட்டினேன். கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்."

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. கார்டு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதைக் கம்ப்யூட்டரே ஒரு வரியில் சொல்லிவிடும். அதைக் கேட்காமலேயே கார்டை மாற்றுகிறார்கள், சில சமயம் மதர்போர்டையே மாற்றுகிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்ற வேலை.

இது இப்போது ஏன் முக்கியம்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருக்கும் பலர் உபுண்டு, மின்ட், டெபியன் என்று ஏதாவது ஒரு லினக்ஸைப் போட்டுப் பார்க்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் முதல் கம்ப்யூட்டர் வாங்கும் மாணவர்களும், விண்டோஸ் இல்லாமல் விலை குறைவாக வரும் லேப்டாப்பை வாங்குபவர்களும் இதே வழிக்குத்தான் வருகிறார்கள். இவர்களில் பலருக்கு நெட் என்பதே கம்ப்யூட்டர் வாங்கியதன் காரணம். நெட் வராத லினக்ஸை ஒரே நாளில் அழித்துவிட்டு, செலவழித்த பணமும் வீண் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாளைத் தாண்ட வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். கார்டு என்று நாம் சொன்னாலும், இன்று பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் தனி கார்டு கிடையாது. லேன் கேபிள் சொருகும் இடத்துக்குப் பின்னால் மதர்போர்டிலேயே ஒரு சிறிய சிப் இருக்கும். 2000-களில் கேபினெட்டைத் திறந்தால் பிசிஐ ஸ்லாட்டில் ஒரு சிறிய பச்சை கார்டு நிற்கும். அதில் அநேகமாக ரியல்டெக் 8139 என்ற சிப் இருக்கும். லேப்டாப்பில் வைஃபைக்கு மட்டும் இன்னும் தனி கார்டு இருப்பதுண்டு, நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. எதுவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் முறை ஒன்றுதான்.

"தெரியவில்லை" என்றால் என்ன?

"கார்டு தெரியவில்லை" என்று சொல்லும்போது நாம் மூன்று வேறு வேறு நோய்களுக்கு ஒரே பெயரை வைக்கிறோம். கார்டு இருப்பதே மெஷினுக்குத் தெரியவில்லையா? இருப்பது தெரிந்தும் அதனோடு பேசும் டிரைவர் இல்லையா? டிரைவரும் இருந்து, கார்டு தூங்கிக்கொண்டிருக்கிறதா? வைத்தியம் மூன்றுக்கும் வேறு. முதல் நோய்க்கு மட்டும்தான் ஸ்க்ரூ டிரைவர் தேவை.

எது என்று அறிய டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு கட்டளை கொடுங்கள். எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு மைனஸ் குறி, அதை ஒட்டி என், என், கே. என்டர் தட்டுங்கள். பட்டியல் ஒன்று ஓடும். பயப்பட வேண்டாம், அதில் முக்கால்வாசி நமக்குத் தேவையில்லை. ஈதர்நெட் கன்ட்ரோலர் என்றோ நெட்வொர்க் கன்ட்ரோலர் என்றோ தொடங்கும் வரியை மட்டும் தேடுங்கள். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் நடுவில் முக்காற்புள்ளியுடன் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் சிப் செய்த கம்பெனி, இரண்டாவது எண் சிப்பின் வகை.

8086 என்றால் இன்டெல். 1978-ல் அந்தக் கம்பெனி வெளியிட்ட 8086 பிராசசரின் நினைவாக அந்த எண்ணையே வைத்துக்கொண்டார்கள். 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் பிராட்காம். மதர்போர்டு லேன் சிப்களில் நான் அடிக்கடி பார்ப்பது 10ஈசி, 8168 என்ற ஜோடி.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் இதில் அழகு. 1992-ல் வந்த பிசிஐ முறையில், ஒவ்வொரு கார்டும் தன் கம்பெனி எண்ணையும் வகை எண்ணையும் தனக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். "அங்கே யார்?" என்று மெஷின் கேட்டால் அதைச் சொல்ல வேண்டும். இதற்கு டிரைவர் தேவையில்லை, லினக்ஸா விண்டோஸா என்பதும் பொருட்டில்லை. (அதற்கு முந்தைய ஐஎஸ்ஏ கார்டுகளில் குட்டி ஜம்பர்களைப் பிடுங்கி மாற்றிச் சொருகி மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) ஆகவே அந்த ஜோடி எண் திரையில் வந்துவிட்டால், உங்கள் கார்டு மின்சாரம் வாங்கி, கேள்வியைப் புரிந்துகொண்டு, பதிலும் சொல்லியிருக்கிறது. செத்த கார்டு பதில் சொல்லாது. பதில் வந்த பிறகும் "கார்டு போய்விட்டது" என்று சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எண்ணே வரவில்லையா? அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது டிலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸ் செட்டப்பிற்குள் போய், ஆன்போர்டு லேன் என்ற இடம் டிஸேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். தனி கார்டு என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றி, தூசியைத் துடைத்து மீண்டும் அழுத்திச் சொருகுங்கள். வேறு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு எண் வராவிட்டால்தான் கார்டின் மேல் சந்தேகப்படலாம். இடி மின்னல் நாளில் கேபிள் வழியாக வந்த அதிர்ச்சி லேன் சிப்பைச் சுட்டுவிடுவது உண்மையிலேயே நடப்பதுதான். மழைக்காலத்தில் மோடத்தின் மின் இணைப்பை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள்.

டிரைவர் இருக்கிறது, ஆனாலும்...

எண் வந்தவர்கள் அதன் கீழே பாருங்கள். "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் வேலை செய்கிறது என்று பொருள். ரியல்டெக் 8168-க்கு அந்த இடத்தில் ஆர்8169 என்று இருக்கும். எண் மாறியிருக்கிறதே என்று திகைக்காதீர்கள். ஒரே டிரைவர் அந்தக் குடும்பம் முழுவதையும் கவனித்துக்கொள்கிறது. அந்த வரியே இல்லையென்றால் உங்களுடையது இரண்டாவது நோய்.

விண்டோஸில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் புதிதாக இருக்கும். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிடி வரும், அல்லது கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்க வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைத் தொடக்கத்தில் கம்பெனிகள் எழுதித் தரவில்லை. நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த டொனால்ட் பெக்கர் என்பவர் 1990-களில் ஏராளமான ஈதர்நெட் கார்டுகளுக்கு டிரைவர் எழுதினார். விலை குறைந்த கம்ப்யூட்டர்களைக் கேபிளால் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் போல ஓட்டும் பியோவுல்ஃப் திட்டம் அங்கே நடந்தது. அதற்கு எல்லா மலிவு கார்டுகளும் லினக்ஸில் ஓட வேண்டியிருந்தது. நம் ஊர்க் கடைகளில் குவிந்து கிடந்த 8139 கார்டு லினக்ஸில் சொருகியதும் ஓடியதற்கு அவரும், பின்னால் ஜெஃப் கார்சிக்கும் செய்த வேலைதான் காரணம்.

கேபிள் கார்டுகளின் கதை இப்படி நன்றாகப் போனது. வைஃபை வந்ததும் கதை மாறியது. வைஃபை சிப் தனக்குள்ளேயே ஒரு சிறிய கம்ப்யூட்டர். அது இயங்க அதற்கென்று ஒரு புரோகிராம் வேண்டும், அதற்குப் பெயர் ஃபர்ம்வேர். விலையைக் குறைப்பதற்காக அந்த ஃபர்ம்வேரைப் பல கம்பெனிகள் சிப்புக்குள் வைப்பதில்லை. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிரைவர் அதை எடுத்து சிப்புக்குள் ஏற்ற வேண்டும். இன்டெல் வைஃபை இப்படித்தான்: ஐடபிள்யூஎல் வைஃபை என்ற டிரைவர் ஏறியிருக்கும், ஆனால் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் வைஃபை ஐகானே வராது. ரியல்டெக் லேன் சிப்கள் பெரும்பாலும் ஃபர்ம்வேர் இல்லாமலும் சமாளித்து ஓடிவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும் தரும்.

பிராட்காம் வைஃபை இருந்த லேப்டாப்காரர்கள் 2000-களில் பட்ட பாடு தனி. கம்பெனி டிரைவரும் தரவில்லை, சிப்பின் விவரமும் தரவில்லை. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஏமாற்றி ஓட்டும் என்டிஐஎஸ் ராப்பர் என்ற வித்தையை வைத்துப் பலர் காலம் தள்ளினார்கள். இன்னொரு பக்கம், ஒரு குழு சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்து விவரம் எழுத, இன்னொரு குழு அந்த விவரத்தை மட்டும் வைத்து டிரைவர் எழுதியது. 2006 ஜூனில் வந்த 2.6.17 கர்னலில் அந்த டிரைவர் சேர்ந்தது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24-ல் பி43 என்ற புதிய வடிவம் வந்தது. அப்போதும் ஃபர்ம்வேரைக் கூடவே விநியோகிக்க அனுமதி இல்லை. கம்பெனியின் டிரைவர் கோப்பை நாமே இறக்கி, அதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் தன் புதிய சிப்கள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. பழைய சிப்களுக்கு அந்த வெட்டி எடுக்கும் வேலை இன்றும் உண்டு. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் 14ஈ4 என்ற எண்ணைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஃபர்ம்வேரை டிஸ்க்கிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். உபுண்டு, மின்ட் போன்றவை விநியோகிக்க அனுமதியுள்ள ஃபர்ம்வேரைக் கூடவே தருகின்றன. ஆனால் டெபியன் நெடுங்காலம் மறுத்தது. சோர்ஸ் கோட் இல்லாத எதையும் தங்கள் அதிகாரப்பூர்வ டிஸ்க்கில் வைக்க மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-ல் கர்னலிலிருந்தும் அப்படிப்பட்ட ஃபர்ம்வேரை எடுத்துவிட்டார்கள். ஃபர்ம்வேர் சேர்த்த டிஸ்க் ஒன்று தனியாக, அதிகாரப்பூர்வமற்றது என்ற முத்திரையோடு கிடைத்தது. புதியவர் எவருக்கும் அது கண்ணில் படாது.

கொள்கையை நான் மதிக்கிறேன். என் மெஷினுக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் படித்துப் பார்க்க முடியாத ஒரு புரோகிராம் இருப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பால் யாருக்கு வலித்தது? சிப் செய்த கம்பெனிக்கு இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நெட் வராமல் விழித்தவருக்குத்தான் வலித்தது. அதிலும் ஒரு விசித்திரம் பாருங்கள். அதே படிக்க முடியாத ஃபர்ம்வேர் சிப்புக்குள்ளேயே எரிக்கப்பட்டு வந்தால் யாரும் எதிர்க்கவில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏற்றினால் மட்டும் குற்றம். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, அதிகாரப்பூர்வ டிஸ்க்கிலேயே ஃபர்ம்வேரைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12-லிருந்து அது நடைமுறை. எந்த ஃபர்ம்வேர் ஏறியது என்பதைப் பயனாளருக்குத் தெரிவிக்கிறார்கள், வேண்டாம் என்பவர் தவிர்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு. பல வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

திறந்த ஃபர்ம்வேரே சாத்தியமில்லை என்றும் சொல்ல முடியாது. ஏஆர்9271 என்ற யுஎஸ்பி வைஃபை சிப்பின் ஃபர்ம்வேரின் சோர்ஸ் கோடை குவால்காம் அதெராஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. மனம் இருந்தால் முடியும்.

சரி, உங்கள் பழைய டிஸ்க்கில் ஃபர்ம்வேர் இல்லை. இறக்க வேண்டும். இறக்க நெட் வேண்டும். நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! இதற்கு இன்று ஓர் எளிய வழி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அந்தப் போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். இதற்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அதையே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், சிம் டேட்டா செலவாகாது. ஃபர்ம்வேரை இறக்கி, மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பலருக்கு அங்கேயே கதை முடிந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளை வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள், டேட்டாவும் போகும் கேபிளாக இருக்க வேண்டும்.

தூங்கும் கார்டு

மூன்றாவது நோய்தான் கடைக்காரர்களை அதிகம் ஏமாற்றுகிறது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் மகன் வெளியூர் போகும் முன் அவர் கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் இருக்கும்படி செய்துவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் லினக்ஸில் நெட் நின்றுவிட்டது. கடையில், லேன் போர்ட் போய்விட்டது, போர்டு மாற்றுவதுதான் வழி என்று சொல்லி, ஒரு தொகையையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம் அந்தச் சீட்டைக் காட்டினார்.

"சார், விண்டோஸில் நெட் வருகிறதா?" என்று கேட்டேன்.

"அதில் வருது தம்பி. அதனாலதான் எனக்கே புரியல."

போர்ட் போயிருந்தால் விண்டோஸில் மட்டும் எப்படி வரும்? மேலே சொன்ன கட்டளையைக் கொடுத்தேன். 10ஈசி, 8168. ஆர்8169 டிரைவரும் ஏறியிருந்தது. ஐபி லிங்க் என்ற கட்டளையில் கார்டு இருந்தது, ஆனால் "நோ கேரியர்" என்றது. கேபிளே சொருகாதது போல. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மீண்டும் சொருகி லினக்ஸைத் தொடங்கியதும் நெட் வந்தது.

நடந்தது இதுதான். 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதி உறக்கத்தில் போகிறது. போகும்போது சில கார்டுகளை மின்சாரம் சேமிக்கும் நிலையில் விட்டுவிடுகிறது. சுவரில் பிளக் இருக்கும்வரை மதர்போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த நிலை கலைவதில்லை. அடுத்து லினக்ஸைப் போட்டால் அது எழுப்பியும் கார்டு எழுவதில்லை. விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும். பேட்டரியைக் கழற்ற முடியாத லேப்டாப் என்றால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், விண்டோஸ் முழுதாக மூடும்.

வைஃபைக்கு இதே தூக்கம் வேறு மாதிரி வரும். லேப்டாப் கீபோர்டில் விமானப் படம் போட்ட கீயைத் தெரியாமல் அழுத்தியிருப்போம். ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை, வைஃபையைச் சாஃப்ட்வேர் பூட்டியிருக்கிறதா, ஸ்விட்ச் பூட்டியிருக்கிறதா என்று தனித்தனியாகச் சொல்லும்.

இன்னொன்று நோயே இல்லை, வெறும் பெயர் மாற்றம். பழைய புத்தகங்களில் முதல் லேன் கார்டுக்கு ஈடிஹெச்0 என்று பெயர் போட்டிருக்கும். 2013-லிருந்து பெரும்பாலான லினக்ஸ்களில், கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்து இஎன்பி3எஸ்0 என்பது போலப் பெயர் வருகிறது. பழைய பெயரைத் தேடிவிட்டுக் கார்டு இல்லை என்று முடிவு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் இல்லாத பெயர்

யுஎஸ்பி வைஃபை வாங்குபவர்களுக்கு வருகிறேன். உள்ளே இருப்பது போகட்டும், நூற்றுக்கணக்கில் ஆகும் ஒரு குட்டி அடாப்டரை வாங்கிச் சொருகலாம் என்று போவீர்கள். அங்கேயும் பொறி இருக்கிறது. எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையில் அதன் எண்ணைப் பார்க்கலாம். சில அடாப்டர்கள் சொருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரை அந்தப் போலி சிடிக்குள் வைத்திருப்பார்கள். ரியல்டெக்கின் 0பிடிஏ, 1ஏ2பி என்ற எண் வந்தால் இதுதான் விஷயம். ஃபைல் மேனேஜரில் தெரியும் அந்த சிடியை இஜெக்ட் செய்து பாருங்கள், பல நேரம் அடாப்டர் தன் உண்மையான எண்ணோடு திரும்பி வரும். பழைய டேட்டா கார்டுகளும் இதே வேஷம் போட்டவைதான்.

என் உண்மையான கோபம் பெட்டி மேல் அச்சிடும் பெயரைப் பற்றியது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்பது லினக்ஸ்காரர்களிடம் பெயர் பெற்ற அடாப்டர். முதல் பதிப்பில் நான் மேலே சொன்ன ஏஆர்9271 சிப் இருந்தது, லினக்ஸில் சொருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக்கின் ஆர்டிஎல்8188இயுஎஸ் சிப்பை வைத்தார்கள். பெயர் அதே. நண்பர் சொன்னார் என்று நம்பி வாங்கியவருக்கு உள்ளே வேறு கருவி! மிக்ஸியில் மோட்டாரை மாற்றிவிட்டு அதே மாடல் எண்ணில் விற்றால் சும்மா இருப்போமா? சிப்பின் பெயரைப் பெட்டியில் அச்சிட ஒரு வரி இடம் போதும். கம்பெனிகள் செய்யும்வரை நாம்தான் கேட்க வேண்டும். கடையில் "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்காதீர்கள், "ஓடும்" என்ற பதில்தான் வரும். "இதில் என்ன சிப்? எத்தனையாவது பதிப்பு?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ரிச்சி தெருவில் கடைகளுக்கா பஞ்சம்?

புது மெஷின் வாங்குபவர்களுக்கு வரும் தொல்லை இதற்கு நேர் எதிர். சிப் புதிது, லினக்ஸ் பழையது. 2.5 ஜிகாபிட் வேகம் தரும் ரியல்டெக் 8125 சிப்புக்கான ஆதரவு ஆர்8169 டிரைவரில் 5.4 கர்னலில்தான் வந்தது, அது 2019 நவம்பர். பல மலிவு லேப்டாப்களில் இருக்கும் 8821சிஇ வைஃபைக்கு 2020-ல் வந்த 5.9 கர்னல் வேண்டும். 8852ஏஇ என்றால் 2022 ஜனவரியில் வந்த 5.16. யாரோ கொடுத்த பழைய டிவிடியையோ பென் டிரைவையோ வைத்து நிறுவினால் இந்த சிப்கள் எண்ணாக மட்டும் தெரியும், டிரைவர் வரி இருக்காது. இணையத்தில் தேடினால், டிரைவரின் சோர்ஸ் கோடை இறக்கி நீங்களே கம்பைல் செய்யச் சொல்வார்கள். அதற்கு முன் புதிய பதிப்பு லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலேயே லைவ் முறையில் ஓட்டிப் பாருங்கள். நீங்களே கம்பைல் செய்த டிரைவர் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் உடைய வாய்ப்புண்டு. பயாஸில் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், கையெழுத்திடாத டிரைவரைக் கர்னல் உள்ளேயே விடாது.

லினக்ஸ் மேல் தப்பே கிடையாது என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். 2008-ல் 2.6.27 கர்னலின் சோதனைப் பதிப்புகள் இன்டெலின் இ1000இ வகை லேன் சிப்களில் இருந்த நினைவகத்தையே அழித்துவிட்டன. சோதனைப் பதிப்பை ஓட்டியவர்கள் சிலரின் கார்டு உண்மையாகவே பயனற்றுப் போனது. கர்னலில் வேறொரு பகுதியான எஃப்டிரேஸ் என்பதில் இருந்த பிழைதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அக்டோபரில் 2.6.27 முழுப் பதிப்பு வரும் முன்பே அந்த ஆபத்தை அடைத்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் கார்டைக் கொல்லவே முடியாது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம். ஆனால் அது சோதனைப் பதிப்பு. உங்கள் மின்ட்டோ உபுண்டுவோ அப்படிப்பட்டது இல்லை.

இவ்வளவு பார்த்தும் தீரவில்லை, யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் "நெட் வரவில்லை" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். அந்த ஜோடி எண், அதன் கீழே டிரைவர் வரி இருந்ததா இல்லையா, யு, என், ஏ, எம், இ என்று அடித்து இடைவெளி விட்டு மைனஸ் ஆர் போட்டால் வரும் கர்னல் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நெட் வேலை செய்யும் நாளிலேயே எழுதி, கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. லேப்டாப்காரர்கள் சார்ஜர் பையில் போட்டு வைக்கலாம்.